அல்வா வாங்கினால் நெல்லையைப் பார்த்ததாகுமா?

ஒரே நாளில் ஊரைச் சுற்றி வரலாம்! சொந்தக் காசில் பாலம் கட்டிய சிரஸ்தார்! அந்தப் பாலத்துக்குக் கீழே இன்று ஓடுவது என்ன?

(நமது நிருபர்)

நெல்லை,

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் நெல்லை ஜங்ஷனில் இறங்குகிறார்கள். திருச்செந்தூர் போகிறவர்களும் இறங்குகிறார்கள். கன்னியாகுமரி போகிற பஸ்சும் இங்கே நிற்கிறது. எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். அரை கிலோ அல்வா வாங்குகிறார்கள். அடுத்த வண்டியில் ஏறி விடுகிறார்கள்.

ஊருக்குப் போய் என்ன சொல்கிறார்கள்? "திருநெல்வேலியைப் பார்த்தாச்சு!"

எதைப் பார்த்தார்கள்? பொட்டலத்தைப் பார்த்தார்கள்!

வெளியூர்க்காரரை விடுங்கள். உள்ளூர்க்காரர் மட்டும் என்ன வாழ்கிறதாம்? பாளையங்கோட்டையில் வீடு, டவுனில் வேலை. தினம் இரண்டு வேளை ஆற்றுப் பாலத்தைத் தாண்டுகிறார். "இந்தப் பாலத்தைக் கட்டியது யார்?" என்று கேட்டால் தலையைச் சொறிகிறார். "சுலோச்சனான்னு ஒரு அம்மா கட்டினதா இருக்கும்" என்கிறவர்களும் உண்டு.

அம்மா இல்லை. ஐயா! அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். காலில் செருப்பு, கையில் குடை, பஸ்சுக்குச் சில்லறை. நெல்லை நகரின் நடு மையத்தைப் பார்த்து விடலாம். பெண்களுக்கு அந்தச் சில்லறையும் வேண்டாம். 2021-ம் ஆண்டிலிருந்து சாதா டவுன் பஸ்சில் அவர்களுக்கு டிக்கெட் இல்லை.

வாருங்கள், புறப்படலாம்.

காலையில் டவுன்

முதலில் டவுனுக்குப் போக வேண்டும். காரணம் இருக்கிறது. நெல்லையப்பர் கோவிலில் மத்தியானம் நடை சாத்தி விடுவார்கள். வெயில் ஏறினால் பிரகாரக் கல்லும் காலைச் சுட்டு விடும்.

ஊருக்குப் பெயர் வந்த கதையே இந்தக் கோவிலில்தான் தொடங்குகிறது. வேதசர்மா என்ற ஏழை பக்தர் சுவாமி நைவேத்தியத்துக்காக நெல்லைக் காயப் போட்டிருந்தாராம். திடீரென்று மழை கொட்டியது. சுற்றி எங்கும் வெள்ளம். நெல் காய்ந்த இடத்தில் மட்டும் சொட்டு விழவில்லை. நெல்லுக்கு வேலி போட்டுக் காத்ததால் சுவாமிக்கு நெல்லையப்பர் என்று பெயர். ஊருக்குத் திருநெல்வேலி.

சுவாமிக்கு ஒரு கோவில், காந்திமதி அம்மனுக்கு ஒரு கோவில். இரண்டையும் சேர்ப்பது சங்கிலி மண்டபம். 1647-ல் வடமலையப்ப பிள்ளை கட்டியது.

மணி மண்டபத்துக்கு வாருங்கள். இசைத் தூண்கள் இங்கேதான் இருக்கின்றன. பெரிய தூணைச் சுற்றிச் சின்னச் சின்னத் தூண்கள். எல்லாம் ஒரே கல். தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம் பேசும். உங்களுக்கும் தட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். தட்டாதீர்கள்! ஆளுக்கு ஒரு தட்டு தட்டினால், வருஷத்துக்கு எத்தனை தட்டு? கல் என்றாலும் அதற்கும் ஒரு பொறுமை உண்டு.

அடுத்து தாமிர சபை. நடராஜர் ஆடிய ஐந்து சபைகள் என்று சொல்வார்கள். சிதம்பரத்தில் பொற்சபை, மதுரையில் வெள்ளி சபை, திருவாலங்காட்டில் ரத்தின சபை, குற்றாலத்தில் சித்திர சபை. ஐந்தாவது இது. மேலே செம்புக் கூரை. கீழே மரத்தில் செதுக்கிய வேலைப்பாடு. கழுத்து வலிக்கிற வரைக்கும் அண்ணாந்து பார்க்கலாம்.

யானை எங்கே?

கோவிலுக்குள் நுழைந்ததும் குழந்தைகள் இப்போதும் கேட்கிற கேள்வி இதுதான். "யானை எங்கேப்பா?"

காந்திமதி யானை இப்போது இல்லை. 1985-ல் கோவிலுக்கு வந்தது. நாற்பது வருஷம் இந்த ஊரோடு வாழ்ந்தது. 2025 ஜனவரி 12-ந் தேதி இறந்து போனது. வயது 56. அன்றைக்குக் கண் கலங்காத டவுன்வாசி குறைவு. சொந்தத்தில் ஒரு சாவு விழுந்த மாதிரி ஜனங்கள் திரண்டார்கள்.

வெளியே வந்தால் நான்கு ரத வீதிகள். பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, பூக்கடை, நகைக் கடை. ஆனி மாதம் தேரோட்டம் நடப்பது இந்த வீதிகளில்தான். இந்தத் தேரை எந்திரம் இழுக்காது. ஜனங்கள்தான் இழுக்க வேண்டும். 2024 ஜூன் 21-ந் தேதி தேர் கிளம்பியபோது வடம் அடுத்தடுத்து அறுந்தது. பக்தர்கள் கொந்தளித்தார்கள். "வருஷத்துக்கு ஒரு தடவை ஓடுகிற தேர், முன்கூட்டியே வடத்தைப் பார்க்கக் கூடாதா?" என்ற கேள்வி எழுந்தது. வேறு வடம் வரவழைத்துத்தான் தேர் நிலைக்கு வந்தது.

துப்பாக்கி வெடித்த வீதி

டவுனில் நடக்கும்போது ஒரு நிமிஷம் நில்லுங்கள். இந்த வீதிகளில் ரத்தம் சிந்தியிருக்கிறது.

1908 மார்ச் 12. வ.உ.சிதம்பரம் பிள்ளையையும் சுப்பிரமணிய சிவாவையும் வெள்ளைக்காரன் கைது செய்தான். மறுநாள் ஊர் பொங்கியது. கடைகள் மூடின. மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். நகராட்சி ஆபீசும் தபால் ஆபீசும் தாக்கப்பட்டன. மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. போலீஸ் சுட்டது. நான்கு பேர் செத்து விழுந்தார்கள்.

அதே வருஷம் ஜூலை 7-ந் தேதி திருநெல்வேலி செஷன்ஸ் கோர்ட்டில் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை! அப்பீலில் தண்டனை குறைந்தது. ஆனால் ஜெயிலில் செக்கு இழுத்த கை இழுத்ததுதான்.

டவுனில் இன்னொரு இடம் ம.தி.தா. இந்துக் கல்லூரிப் பள்ளிக்கூடம். பாரதியார் படித்த பள்ளி. எட்டயபுரத்திலிருந்து வந்து இங்கே பெஞ்சில் உட்கார்ந்தார். இன்றைக்கும் பையன்கள் அங்கே படிக்கிறார்கள்.

பாலத்துக்கு மேல் பாலம்

டவுனிலிருந்து ஜங்ஷனுக்கு வருவோம். நடுவில் ரெயில் பாதை. அதற்கு மேலே ஈரடுக்கு மேம்பாலம்.

இந்தப் பாலம் இல்லாத காலத்தை வயதானவர்களிடம் கேளுங்கள். ரெயில்வே கேட் மூடினால் அவ்வளவுதான். மாட்டு வண்டி, சைக்கிள், பஸ், லாரி எல்லாம் வரிசை. கேட் திறந்ததும் முட்டி மோதிக்கொண்டு ஓட்டம்.

1973-ல் அந்தத் தொல்லை தீர்ந்தது. முதல்-அமைச்சராக இருந்த கருணாநிதி காலத்தில் பாலம் திறக்கப்பட்டது. திருவள்ளுவர் பெயர் வைத்தார்கள். நீளம் சுமார் 800 மீட்டர். மேல் தட்டில் பஸ், லாரி போன்ற பெரிய வண்டிகள். கீழ்த் தட்டில் சைக்கிள், இரு சக்கர வண்டி, நடந்து போகிறவர்கள். ஏழைக்கும் பணக்காரனுக்கும் தனித்தனித் தட்டா என்று கேலி பேசலாம். ஆனால் சைக்கிள்காரனை லாரி இடிக்காமல் காப்பாற்றிய யோசனை அது.

கீழ்த் தட்டில் நடந்து பாருங்கள். தலைக்கு மேலே பஸ் போகிற அதிர்வு தெரியும். காலுக்குக் கீழே ரெயில் போகும். இரண்டுக்கும் நடுவில் நீங்கள்! காசில்லாமல் கிடைக்கிற வேடிக்கை.

ஊசிக் கோபுரமும் கோட்டை வாசலும்

ஜங்ஷனிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே பாளையங்கோட்டை. டவுன் ஒரு நகராட்சி, பாளை ஒரு நகராட்சி, மேலப்பாளையம் ஒரு நகராட்சி என்று இருந்த காலம் 1994-ல் முடிந்தது. அந்த வருஷம்தான் எல்லாம் சேர்ந்து மாநகராட்சி ஆனது. ஆனாலும் டவுன்காரர் டவுன்காரர்தான், பாளைக்காரர் பாளைக்காரர்தான்!

பாளையில் கோட்டை இருந்தது. பெயரிலேயே இருக்கிறதே! வீரபாண்டிய கட்டபொம்மனை 1799-ல் கயத்தாறில் தூக்கில் போட்ட பிறகு, அவன் தம்பி ஊமைத்துரையை இந்தக் கோட்டையில்தான் அடைத்து வைத்தார்கள். 1801 பிப்ரவரி 2-ந் தேதி ஊமைத்துரை தப்பினான். விறகு விற்கிறவர்கள் மாதிரி வேஷம் போட்டு வந்து மீட்டார்கள் என்று ஜனங்கள் கதை சொல்வார்கள். போனவன் சும்மா ஒளியவில்லை. இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் திரும்பக் கட்டினான். வெள்ளைக்காரப் பட்டாளம் மறுபடியும் முதலிலிருந்து சண்டை போட வேண்டி வந்தது.

கோட்டைச் சுவர் இன்று இல்லை. வாசல்கள் மட்டும் மிச்சம். அதில் ஒன்றின் மேலே ஒரு காலத்தில் போலீஸ் நிலையம் நடந்தது. அதனால் 'மேடை போலீஸ் ஸ்டேஷன்' என்றே பெயர். ஜெயில் உடைத்தவனின் கோட்டைக்கு மேலே போலீஸ் உட்கார்ந்த வேடிக்கை வேறு எங்கே நடக்கும்?

முருகன்குறிச்சி பக்கம் தலை நிமிர்ந்தால் ஊசிக் கோபுரம். ஜெர்மன்காரர் ரேனியஸ் ஐயர் கட்டிய தூய திரித்துவ ஆலயம். 1826 ஜூன் 26-ந் தேதி பிரதிஷ்டை. மேகத்தில் நூல் கோக்கப் போகிற மாதிரி கூர்மையாக நிற்கும். தூரத்திலிருந்து வருகிறவனுக்குப் பாளை வந்து விட்டது என்று சொல்வது அதுதான்.

அதற்கும் முந்தியது குளோரிந்தா ஆலயம். 1785-ல் கட்டியது. கட்டியவர் ஒரு பெண். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை, கிறிஸ்தவராகிக் குளோரிந்தா என்று பெயர் பெற்றவர். ஜனங்கள் வைத்த பெயர் 'பாப்பாத்தி அம்மாள் கோவில்'. அவர் வெட்டிய கிணறும் 'பாப்பாத்தி அம்மாள் கிணறு' ஆகி விட்டது. இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பெயர் அழியவில்லை.

பாளையில் எங்கே திரும்பினாலும் பள்ளிக்கூடம், காலேஜ். 1895-ல் தொடங்கிய சாராள் தக்கர் பெண்கள் கல்லூரி, 1923-ல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி, பார்வையற்றோர் பள்ளி, காது கேளாதோர் பள்ளி என்று பட்டியல் நீளும். 'தென்னாட்டு ஆக்ஸ்போர்டு' என்று சும்மா சொல்லவில்லை.

ஜெயிலும் இங்கே உண்டு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது கருணாநிதியை இந்தப் பாளையங்கோட்டை ஜெயிலில்தான் தனியாக அடைத்தார்கள். அண்ணா இங்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

புரட்டாசியில் வருகிறவர்களுக்கு இன்னொரு காட்சி. பாளை தசரா! பன்னிரண்டு அம்மன் சப்பரங்கள் விளக்கு வெளிச்சத்தில் வரிசை கட்டி வரும்.

கை காசு போட்ட சிரஸ்தார்

வெயில் தணிந்து விட்டது. திரும்பும்போது பஸ் வேண்டாம். கொக்கிரகுளத்தில் இறங்கி, ஆற்றுப் பாலத்தில் நடந்து வாருங்கள். இன்றைய சுற்றுலாவில் முக்கியமான இடம் இதுதான்.

பாலம் வருவதற்கு முன்னே இந்த ஆற்றைக் கடக்கப் படகுதான். படகு கொஞ்சம், ஆள் அதிகம். யார் முதலில் ஏறுவது என்று சண்டை. படகுத் துறையில் கலகம் வெடித்து உயிர்ச் சேதமும் ஆனது.

அப்போது கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்தவர் சுலோச்சன முதலியார். சிரஸ்தார் என்றால் நம்மவர் எட்டக்கூடிய பெரிய குமாஸ்தா உத்தியோகம். கலெக்டர் தாம்சன் பாலம் கட்ட நினைத்தார். பணத்துக்கு எங்கே போவது? ஜனங்களிடம் வசூல் பண்ணலாம் என்று பேச்சு வந்தது. முதலியார் வீட்டுக்குப் போனார். யோசித்தார். "பாலச் செலவை நானே தருகிறேன்" என்று வந்து நின்றார். மனைவியின் நகைகளையும் கொண்டு வந்து கொடுத்தார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். செலவு அரை லட்சம் ரூபாய். அன்றைய அரை லட்சம்!

காப்டன் பேபர் வரைபடம் போட்டார். ஹார்ஸ்லி கட்டி முடித்தார். 1843-ல் பாலம் திறந்தது. பதினொரு வளைவுகள். லண்டனில் தேம்ஸ் நதியில் இருந்த வாட்டர்லூ பாலத்தைப் பார்த்து அதே ஜாடையில் கட்டியது.

இப்போது ஒரு சேதி கேளுங்கள். 1817-ல் திறந்த அந்த லண்டன் பாலம் பலவீனமாகி விட்டது. 1930-களில் அதை இடித்துவிட்டு வேறு பாலம் கட்டினார்கள். அசல் போய் விட்டது. நகல் நிற்கிறது! நம்ம சிரஸ்தார் பாலத்தில் இன்றைக்கும் பஸ் ஓடுகிறது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த பேய் வெள்ளத்தையும் பார்த்தது. அந்த வெள்ளத்தில் ஜங்ஷன் பஸ் நிலையம் மூழ்கியது. கலெக்டர் ஆபீசுக்குள் தண்ணீர் புகுந்தது. பாலம் அசையவில்லை.

பாலத்து முகப்பில் நினைவுத் தூண் இருக்கிறது. நின்று படிக்கிறவர்களை எண்ணி விடலாம்.

பதினேழு உயிர்கள்

பாலத்தின் பக்கத்தில்தான் கலெக்டர் ஆபீஸ். 1987-ல் திறந்த அறிவியல் மையமும் அங்கேதான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நல்ல இடம்.

ஆனால் இந்தக் கரையில் இன்னொரு நாளும் உண்டு. 1999 ஜூலை 23. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு, ஜெயிலில் இருந்த தங்கள் ஆட்களை விடச் சொல்லி, கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாக வந்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. ஓடியவர்கள் ஆற்றில் இறங்கினார்கள். பதினேழு பேர் பிணமானார்கள். அதில் பெண்கள் உண்டு. இரண்டு வயதுக் குழந்தையும் உண்டு.

வருஷா வருஷம் ஜூலை 23-ந் தேதி இந்த ஆற்றில் பூத் தூவுகிறார்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் ஒரு நிமிஷம் தலை குனிந்து போகலாம்.

கீழே குனிந்து பாருங்கள்

பாலத்தின் நடுவில் நின்று கீழே பாருங்கள். தாமிரபரணி!

பொதிகை மலையில் பிறக்கிறது. சுமார் 128 கிலோ மீட்டர் ஓடி புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. பிறப்பதும் தமிழ்நாட்டில், சேர்வதும் தமிழ்நாட்டில். பக்கத்து மாநிலத்திடம் கை ஏந்த வேண்டாம், நடுவர் மன்றம் வேண்டாம். எட்டு அணைக்கட்டுகளில் தேங்கி வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயலுக்குப் போகிறது. நெல்லை குடிக்கிறது. தூத்துக்குடி குடிக்கிறது. விருதுநகர்ப் பக்கம் வரை குழாயில் போகிறது.

கொஞ்சம் மேலே போனால் குறுக்குத்துறை முருகன் கோவில். ஆற்றுக்குள்ளேயே கட்டியது. வெள்ளம் வந்தால் உற்சவரையும் சாமான்களையும் கரைக்கு எடுத்து விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு மறுபடியும் பூஜை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற படகு மாதிரி முகப்பைக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கொத்தனார் ஆற்றோடு சண்டை போடவில்லை. சமாதானம் செய்துகொண்டார்.

நாம் என்ன செய்கிறோம்?

ஊர்ச் சாக்கடையை ஆற்றில் விடுகிறோம்! கரையோரம் குப்பை. படித்துறையில் பழைய துணி, பிளாஸ்டிக் பை. பரிகாரம் என்று கட்டிய வேட்டியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பாவம் போகிறதோ இல்லையோ, துணி போகவில்லை. கரையிலுள்ள பழைய கல் மண்டபங்களில் புதர் மண்டிக் கிடக்கிறது.

வழக்கு ஐகோர்ட்டு வரை போனது. 2024 நவம்பரில் மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்த்தார்கள். நீதிபதி சாக்கடையைப் பார்க்க ஊர் ஊராக வர வேண்டிய நிலைமை நமக்குப் பெருமையா?

பாதாளச் சாக்கடை வேலை வருஷக்கணக்கில் நடக்கிறது. அது முடிகிற வரைக்கும் ஆறு காத்திருக்க வேண்டுமாம். ஆறு காத்திருக்கும். குடிக்கிற ஜனங்கள் காத்திருக்க முடியுமா?

கடைசியில் அல்வா

இருட்டி விட்டது. இப்போது அல்வா வாங்கலாம். தப்பில்லை!

டவுனில் கோவிலுக்கு எதிரே, கீழ ரத வீதியில் இருட்டுக்கடை. சாயங்காலம்தான் திறப்பார்கள். பளபளப்பான விளக்கு கிடையாது. பழைய காலத்துக் கடை. கூட்டத்தைப் பார்த்தே கடையைக் கண்டுபிடித்து விடலாம். வரிசையில் நின்றால்தான் சரக்கு. ஜங்ஷன் பக்கமும் அல்வாக் கடைகள் ஏராளம். ஒரே மாதிரிப் பெயர்ப் பலகை வரிசையாகத் தொங்கும். நிதானமாகப் பார்த்து வாங்குங்கள், அண்ணாச்சி.

சம்பா கோதுமையை ஊறப் போட்டு, ஆட்டி, பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கை ஓயக் கிண்ட வேண்டும். கலர்ப் பொடி வேண்டாம். சர்க்கரை காய்ந்தே அந்தச் செம்பழுப்பு நிறம் வந்து விடும். இலையில் வைத்தால் வழுக்கும், வாயில் போட்டால் கரையும்.

"இதே கோதுமை, இதே நெய் போட்டு வேறு ஊரில் கிண்டினால் ஏன் இந்த ருசி வரவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த மாஸ்டரும் ஒரே பதில்தான் சொல்வார். "தாமிரபரணித் தண்ணி!"

அந்தத் தண்ணீரைத்தான் நாம் கெடுத்துக்கொண்டிருக்கிறோம். ருசி போனால் கடைக்காரருக்கு மட்டும் நஷ்டமில்லை. சமையல்கட்டில் குடத்தைச் சாய்க்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் நஷ்டம்.

ஒரு குமாஸ்தா, சம்பளக்காரர், ஜனங்கள் ஆற்றைக் கடக்கச் சிரமப்படுகிறார்களே என்று தன் சொத்தைக் கொட்டினார். நம்மிடம் யாரும் அரை லட்சம் கேட்கவில்லை. மனைவி கழுத்துச் சங்கிலியையும் கேட்கவில்லை. கையிலிருக்கிற குப்பைப் பையை ஆற்றில் வீசாதே என்றுதான் கேட்கிறார்கள். சாக்கடைக் குழாயைத் திருப்பி விடுங்கள் என்று மாநகராட்சியைக் கேட்கிறார்கள். இது பெரிய தொகையா?